றொக்பொக்ஸ் போட்ட ஐபொட் தொடங்க மறுத்தால்: அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சிப் பக்கத்தில் என் கைக்கு வந்த பழைய ஐபொட்கள் எல்லாம் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுச் சென்றவை. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளின் தயவில்லாமல், பாட்டுகளைக் கோப்புறை கோப்புறையாக நேரே இட்டுக் கேட்பதற்கு, றொக்பொக்ஸ் என்ற இலவச ஃபேர்ம்வெயாரை (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) அவற்றில் நிறுவுவது நல்ல தெரிவு. ஆனால் ஒருநாள் அது தொடங்காமல் நின்றுவிட்டால், புதிதாகப் பழகுபவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் போடத்தான் முதலில் நினைப்பார். பெரும்பாலும் அதற்குத் தேவையே இராது. 2005இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபொட்டை வைத்து இங்கே விளக்குகிறேன்.

இந்தக் கருவி மூன்று கட்டமாகத் தொடங்குகிறது. கருவியின் சில்லுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும் ஆப்பிளின் சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது வன்தட்டின் மறைவான பகுதியில் உள்ள பூட்லோடரை, அதாவது முதன்மை மென்பொருளை ஏற்றிவிடும் சிறு நிரலை, எழுப்புகிறது. பூட்லோடர், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியுடன் இருக்கும் றொக்பொக்ஸ் கோப்புறையைத் தேடி, அதற்குள் இருக்கும் முதன்மைக் கோப்பை ஏற்றுகிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதற்கட்டம் வன்தட்டில் இல்லாததால், நீங்கள் கோப்புகளை எப்படிக் குழப்பினாலும் அது பாதிக்கப்படாது.

திரை முற்றிலும் இருளாக இருந்தால் முதலில் பற்றரியைக் கவனியுங்கள். மின்வெட்டு உள்ள நாட்களில், இரவில் சொருகியது காலையில் ஏறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். மின்சாரம் தொடர்ந்து இருக்கும் இரண்டு மணித்தியாலமாவது சார்ஜ் போடுங்கள். பிறகு மேலேயுள்ள ஹோல்ட் சுவிட்சைப் பாருங்கள். செம்மஞ்சள் நிறம் தெரிந்தால் அது பூட்டப்பட்டிருக்கிறது. கிறவல் வீதியில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த கருவிகளில், புழுதி அடைத்து, சுவிட்ச் பாதி வழியில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிட்டாலே போதும். அடுத்து, அந்தச் சுவிட்சை ஒருமுறை பூட்டித் திறந்துவிட்டு, மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை ஆறு முதல் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். இது மீள்தொடக்கம், பாட்டு எதுவும் அழியாது.

றொக்பொக்ஸ் வராமல் ஆப்பிளின் பழைய மெனு வந்தால் பதற வேண்டாம். தொடங்கும்போது ஹோல்ட் பூட்டியிருந்தாலோ மெனு பொத்தான் அழுத்தப்பட்டிருந்தாலோ பூட்லோடர் வேண்டுமென்றே ஆப்பிளின் ஃபேர்ம்வெயாரைத்தான் ஏற்றும். அப்படி எதுவும் இல்லையென்றால், யாரோ ஐட்யூன்ஸில் ரிஸ்டோர் செய்து பூட்லோடரை அழித்திருக்கக்கூடும். றொக்பொக்ஸ் யூட்டிலிட்டி என்ற கணினி நிறுவல் மென்பொருளைக் கொண்டு அதை மீண்டும் நிறுவுங்கள்.

கறுப்புத் திரையில் சிறிய எழுத்தில் ‘ஃபைல் நொட் ஃபவுண்ட்’ (கோப்பைக் காணவில்லை) என்று வருவதுதான் நான் அதிகம் கண்ட கோளாறு. முதன்முதலாகப் புதிய பதிப்பை இட்ட அன்று எனக்கும் அதுவே வந்தது. பூட்லோடரை மூன்று தடவை மாற்றிப் போட்டு ஒரு மாலையை வீணாக்கிய பிறகுதான், றொக்பொக்ஸ் சுருக்கப்பட்டு வரும் ‘சிப்’ கோப்பை விரித்தபோது கணினி தானாக ஒரு கோப்புறையை உண்டாக்கி, புள்ளிக் கோப்புறையை அதற்குள் வைத்திருந்ததைக் கண்டேன். பெட்டிக்குள் பெட்டியாக இருந்தால் பூட்லோடர் உள்ளே தேடிப் போகாது. ஐபொட்டைக் கணினியில் திறந்தவுடன், முதல் தட்டிலேயே புள்ளிக் கோப்புறை தெரிய வேண்டும்.

இதைச் சரிசெய்ய, மீள்தொடக்கம் செய்து ஆப்பிள் சின்னம் தோன்றியவுடன், நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள். ‘டிஸ்க் மோட்’ என்ற திரை வரும். இப்போது கேபிளைச் சொருகினால் கருவி ஒரு பென் டிரைவைப் போலத் திறக்கும். பழைய புள்ளிக் கோப்புறை இருந்தால் அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டு, உங்கள் ஐபொட் மாதிரிக்குரிய சிப் கோப்பை முதல் தட்டில் நேரே விரியுங்கள். லினக்ஸும் மெக்கும் புள்ளியில் தொடங்கும் பெயர்களை மறைத்துவிடும் என்பதால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், பிரதியெடுக்கும் நடுவில் கரண்ட் போனால் கோப்பு அரைகுறையாக நின்று, அடுத்த தடவை ‘பாட் செக்சம்’ (கோப்பு பழுது) என்று வரக்கூடும். மறுபடி பிரதியெடுப்பதே மருந்து.

றொக்பொக்ஸ் சின்னம் வந்த பிறகு உறைந்துவிட்டால் கோளாறு மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. டிஸ்க் மோடில் புள்ளிக் கோப்புறையைத் திறந்து, கொன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள். அமைப்புகள் மட்டும் தொடக்க நிலைக்குத் திரும்பும். அப்போதும் உறைந்தால், டேட்டாபேஸ் என்று தொடங்கும் கோப்புகளை நீக்குங்கள். அவை பாட்டுகளின் அட்டவணைதான். பின்னர் மெனுவிலிருந்தே மீண்டும் உருவாக்கலாம்.

இவை எதற்கும் மசியாவிட்டால் வின்டோஸில் அந்த டிரைவுக்குப் பிழைச் சோதனை நடத்துங்கள். கருவியின் முதுகைக் காதோடு வைத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே இருந்தால் வன்தட்டு தேய்ந்துவிட்டது, மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. மெக் கணினியில் ஃபோர்மற் செய்யப்பட்ட ஐபொட்டில் றொக்பொக்ஸ் ஓடாது. அதற்கு வின்டோஸில் ஃபோர்மற் செய்தால் கிடைக்கும் ஃபற்32 முறைதான் வேண்டும். அந்த ஒரு நிலையில் மட்டும், பாட்டுகளை வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு, வின்டோஸில் ஐட்யூன்ஸ் கொண்டு ரிஸ்டோர் செய்து, முதலிலிருந்து நிறுவுங்கள். எதைச் செய்து முடித்தாலும் எஜெக்ட் கொடுத்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள்.