நெட்டைச் செடிக்குக் குட்டைச் செடி பிறக்குமா? நாலு கட்டத்தில் கணக்குப் போடலாம்

பெற்றோர் இருவரிடமும் வெளியே தெரியாத பண்பு பிள்ளையிடம் எப்படி வருகிறது என்று குழப்பமா? ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

பண்புகள் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கடத்தப்படுகின்றன என்று ஆராய்ந்த மெண்டல் வளர்த்த பட்டாணிச் செடியையே எடுத்துக்கொள்வோம். உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒவ்வொரு செடியிலும் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. நெட்டைக்கு 'நெ', குட்டைக்கு 'கு' என்று எழுதுங்கள். நெட்டை ஓங்கு பண்பு என்பதால் ஒரே ஒரு 'நெ' இருந்தாலே செடி உயரமாக வளர்ந்துவிடும், குட்டையாக இருக்க இரண்டுமே 'கு' ஆக வேண்டும்.

சரி, பெற்றோர் இருவரும் 'நெகு' என்று வைத்து, நாலு கட்டம் வரைந்து, மேலே ஒருவரின் நெ, கு, இடப்பக்கம் மற்றவரின் நெ, கு எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாகச் சேருங்கள். நெநெ, நெகு, நெகு, குகு. மூன்று நெட்டை, ஒரு குட்டை! மெண்டல் எண்ணியபோது 787 நெட்டை, 277 குட்டை வந்தது, கிட்டத்தட்ட இதே விகிதம்தான்.

பலரும் தவறுவது இங்கேதான்: நாலு விதை போட்டால் சரியாக ஒன்று குட்டையாக வரும் என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு, முந்தைய விதை என்னவானது என்பது அடுத்ததைப் பாதிக்காது.

அப்புறம், மனிதர்களின் உயரத்துக்கு இந்தக் கட்டத்தைப் போடாதீர்கள். அதில் ஏராளமான மரபணுக்களும் ஊட்டச்சத்தும் சேர்ந்து வேலை செய்கின்றன.