அம்மாவின் 'பெனிங்': மூன்று வாரம் அலைந்த பிறகு

அம்மாவுக்கு 71 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்களோடு இருக்கிறார். "தலை ஒரு மாதிரியா இருக்கு" என்றார். மலாய் டாக்டரிடம் நான்தான் "பெனிங்" என்று சொன்னேன். வலி மாத்திரை கொடுத்தார், குணமாகவில்லை. இன்னொரு கிளினிக்கில் தலைசுற்றல் மாத்திரை, தூக்கம்தான் வந்தது. இரத்த அழுத்தம் இரண்டு இடத்திலும் 130/80.

மலாயில் பெனிங் என்றால் தலைவலியும் ஆகும், தலைசுற்றலும் ஆகும். அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டேன். வலிக்குதா? இல்லை. வீடு சுத்துதா? இல்லை. "எழுந்தா கண்ணு இருட்டுதுய்யா. செவுத்தப் பிடிச்சிக்கிட்டா சரியாயிடும்."

கண் இருட்டும் நேரத்தை மூன்று நாள் தாளில் குறித்தேன். ஏழு தடவை. ஏழும் படுக்கையிலிருந்தோ சாமி மேடை முன்னாலிருந்தோ எழுந்தவுடன். கிளினிக்கிலோ அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அழுத்தத்தை அளக்கிறார்கள்! அங்கே எப்படித் தெரியும்?

அடுத்த முறை அந்தத் தாளையும் மாத்திரைப் பை முழுவதையும் கொண்டுபோனேன். "பிலா பாங்ஙுன், மாத்தா கெலாப்" என்று அம்மா சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன். டாக்டர் உடனே படுக்கவைத்து அளந்தார். நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்தார். படுத்திருந்தபோது 132 இருந்த மேல் எண், நின்றதும் 104 ஆனது. மேல் எண் 20 குறைந்தாலே கணக்கில் எடுப்பார்களாம். பையில் இருந்த, இரண்டு மாதம் முன்பு அளவு கூட்டிய அழுத்த மாத்திரையை அவரே குறைத்தார்.

பத்து நாளாகக் கண் இருட்டவில்லை, நிம்மதி. இப்போதும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துதான் எழுகிறார்.