அரிய சோல் சிங்கிள் தட்டுகளைச் சேர்ப்பது எப்படி: கொங்கு நாட்டிலிருந்து தொடங்குவோருக்கு

பழைய இசைத்தட்டு என்றாலே விலை மதிப்புள்ளது என்ற எண்ணத்தோடு, சோல் எனும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளைச் சேர்க்க இறங்குபவர், முதல் ஆறு மாதங்களுக்குள் கைப்பணத்தை இழந்துவிடுவார். 1960களில் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற, டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களின் சிங்கிள்கள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. அதே ஆண்டுகளில், அதே டெட்ராய்ட் நகரில், ஒரு சிறு முதலாளி சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டு, உள்ளூர் வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்ததால் பெட்டியோடு முடங்கிப்போன பாடல்தான் இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. திருப்பூரில் வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டால், கிடங்கில் தங்கிவிட்ட பனியன்களுக்கு என்ன நேரும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே ஒரு தட்டுக்கு விலை கொடுப்பதற்கு முன், அது ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரியாத தட்டை, எவ்வளவு ஆசை இருந்தாலும், அன்று வாங்காமல் விடுவதே நல்லது.

நாம் பேசும் பொருள் ஏழு அங்குல விட்டமும் நிமிடத்துக்கு 45 சுற்றும் கொண்ட, சிங்கிள் எனப்படும் சிறு தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இதை 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கறுப்பின மக்களின் இசைக்கான விற்பனைப் பட்டியலுக்கு அமெரிக்காவின் பில்போர்டு இதழ் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று பெயர் மாற்றியதும் அதே ஆண்டில்தான். பின்னர் தேவாலயப் பாட்டின் உருக்கம் அதனோடு கலந்து சோல் இசையாக வளர்ந்தபோது டெட்ராய்ட், மெம்பிஸ், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சல்ஸ் என ஊருக்கு ஊர் சிறு நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

அங்கே விற்காத தட்டுகளுக்கு மதிப்பை உண்டாக்கியவர்கள் இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வார இறுதியில் விடிய விடிய ஆடுவதற்கு வேகமான, யாரும் கேட்டிராத சோல் பாடல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ என்ற நடன அரங்கில் நடந்த இரவுகள் இதற்குப் புகழ்பெற்றவை. தட்டு சுழற்றுபவர்கள் அமெரிக்கக் கிடங்குகளுக்கே சென்று மூட்டை மூட்டையாக அள்ளிவந்தார்கள். போட்டியாளர் கண்டுபிடித்துவிடாதபடி தட்டின் நடுவே உள்ள பெயர்த்தாளான லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டி ஒலிக்கவிட்டார்கள். நூல் ஆலைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த எனக்கு, மான்செஸ்டர் பக்கத்து ஆலைப் பிள்ளைகளின் இந்தப் பித்து அந்நியமாகத் தோன்றியதே இல்லை. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அழைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுனின் துணை லேபிளான (வெளியீட்டுப் பெயரான) ‘சோல்’ நிறுவனத்துக்குப் பாடிய ஒரு தட்டு முறைப்படி வெளியாகவே இல்லை. தப்பிப் பிழைத்த ஒருசில பிரதிகளில் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கும் அதிகமாகவும், 2020இல் 1,00,000 பவுண்டுக்கும் விற்றது. இந்த விலையைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு தட்டு, ஒரு குடும்பம் உணவகத்தில் சாப்பிடும் செலவுக்குள், என்ற அளவிலேயே நல்ல தொகுப்பை உருவாக்க முடியும்.

தொடங்கும்போது எல்லையைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நகரம், ஒரு லேபிள், அல்லது ஐந்தாண்டுக் காலம் என்று வரையறுத்துக்கொண்டால் அதன் வரிசை எண்கள், லேபிள் நிறங்கள், அச்சிட்ட ஆலைகள் ஆகியவை சில மாதங்களில் மனப்பாடமாகிவிடும். நான் டெட்ராய்ட்டின் சிறு லேபிள்களோடு தொடங்கினேன். மோட்டவுனுக்குப் போட்டியாக இயங்கி 1966இல் அதே மோட்டவுனால் வாங்கப்பட்ட கோல்டன் வேர்ல்டு போன்றவை அதில் அடங்கும். பாட்டைத் தொகுப்புத் தட்டிலோ இணையத்திலோ முழுமையாகக் கேட்டு, பிடித்திருந்தால் மட்டுமே அசல் சிங்கிளைத் தேட வேண்டும். பிடிக்காத பாட்டை அரிது என்பதற்காக வாங்குவது வட்டிக்கடைக்காரர் வேலை.

இனி, தட்டைப் படிக்கும் முறைக்கு வருவோம். கண்ணபுரத்திலோ அந்தியூரிலோ மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: காளையின் கொம்புக்குப் பூசிய வண்ணத்தையும் கழுத்துச் சலங்கையையும் விவரம் தெரிந்தவர் பொருட்படுத்துவதில்லை, நேராக வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இசைத்தட்டுக்கு லேபிள் என்பது கொம்பு வண்ணம். பல் இருப்பது, பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள, பாட்டுப் பள்ளமில்லாத வெற்று வளையத்தில். அங்கே அச்சை அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். கையால் கீறியதாகவும் இருக்கலாம், இயந்திரத்தால் குத்தியதாகவும் இருக்கலாம். அதனருகே ஆலையின் அல்லது ஒலிப்பதிவுக் கூடத்தின் முத்திரை காணப்படும். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலை ஒரு சிறு முக்கோணத்தையும் அதையடுத்து வரிசை எண்ணையும் விட்டுச்சென்றது. அந்த எண் ஏறுமுகமாகச் செல்வதால் தட்டு ஏறத்தாழ எந்த மாதத்தில் அச்சானது என்றுகூடக் கணிக்கலாம். நியூயார்க்கின் பெல் சவுண்டு கூடத்தில் மூலப்பதிவு வெட்டப்பட்ட தட்டுகளில் அதன் பெயரே முத்திரையாக இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தட்டைச் சற்றே சாய்த்து, கைக்கண்ணாடியால் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அசல் பிரதியின் விவரங்களோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு பாடுபடக் காரணம், 1970களிலேயே நடன அரங்குகளின் தேவையைக் கண்டு கள்ளப் பிரதிகள் ஏராளமாக அச்சிடப்பட்டன என்பதுதான். அவையும் இன்று ஐம்பது வயதைத் தொட்டுவிட்டதால், பழுப்பேறிய லேபிளும் தேய்ந்த உறையும் அசலுக்குச் சான்றாகா. கள்ளப் பிரதியின் லேபிள் பெரும்பாலும் அசலைப் படம் எடுத்து அச்சிட்டதாக இருக்கும். எழுத்துகளின் விளிம்பு மங்கி, நிறம் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் ஒரு நாள் நின்றவர் இதை உடனே கண்டுகொள்வார்.

தட்டு எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியமான சான்று. அமெரிக்க சிங்கிள்களில் பல வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக். வினைல் தட்டு லேபிளோடு சேர்த்து அழுத்தப்படுவதால் காகிதம் தட்டுக்குள் பதிந்திருக்கும்; ஸ்டைரீன் தட்டு அச்சுக்குள் உருக்கி ஊற்றப்பட்டுப் பிறகு லேபிள் ஒட்டப்படுவதால் காகிதம் சில சமயம் உரியும். நகத்தால் மெல்லத் தட்டினால் ஸ்டைரீன் விறைப்பான, கூர்மையான ஒலி தரும். வளைத்துப் பார்க்கக் கூடாது, உடைந்துவிடும். ஒரு பாட்டின் அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு வினைல் பிரதி ஒன்று கைக்கு வந்தால், அது கள்ளப் பிரதி அல்லது பிற்கால மறுபதிப்பு. அவசரப்பட்டும் தீர்ப்பளிக்கக் கூடாது: ஒரே நிறுவனம் கிழக்குக் கரையில் ஓர் ஆலையிலும் மேற்குக் கரையில் வேறோர் ஆலையிலும் அச்சிட்டதுண்டு, அப்போது இரண்டு பொருளும் அசலே. எனது நான்காவது கொள்முதலில் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிக் கற்றேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் லேபிளின் படத்தை மட்டும் அனுப்பினார். வெற்று வளையத்தின் படத்தைக் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. வந்து சேர்ந்த தட்டில் மேட்ரிக்ஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்கள் மட்டுமே இருந்தன.

வெள்ளை லேபிளோடு ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டவை வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய முன்பிரதிகள். இவைதான் எப்போதும் அதிக மதிப்புடையவை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் தோல்வியடைந்த பாடல்களில் முன்பிரதி கிடைத்துவிடும், கடைப் பிரதிதான் கிடைக்காது என்பதும் உண்டு. லேபிளின் குறுக்கே துளையிட்டிருந்தால் அது கழிவு விலையில் தள்ளிவிடப்பட்ட சரக்கு. துளை பாட்டைத் தொடாத வரை ஒலிக்குக் குறைவில்லை.

தரக் குறியீடுகளை அகராதிப் பொருளில் எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். ‘வெரி குட்’ என்று விற்பனையாளர் எழுதினால், பாட்டு முழுவதும் இரைச்சல் கேட்கும் என்றே பொருள். ‘வெரி குட் பிளஸ்’ என்பதிலிருந்துதான் நிம்மதியாகக் கேட்கலாம். ஸ்டைரீன் தட்டு இதிலும் ஏமாற்றும்: பளபளப்பாகத் தோன்றும், ஆனால் கனமான பழைய ஊசியால் தேய்ந்துபோய்ப் பாடகரின் உச்சஸ்தாயி கரகரக்கும். ஆகவே பாட்டின் கடைசி அரை நிமிடத்தை ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து அனுப்பும்படி கேட்க வேண்டும். உள்வளையத்தில்தான் தேய்மானம் முதலில் வெளிப்படும்.

நம் பகுதியில் இத்தகைய தட்டுகள் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு, அரிதாகக் கிடைக்கும் என்பதே நேர்மையான பதில். போத்தனூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், வால்பாறை, நீலகிரி எஸ்டேட் பங்களாக்கள் ஆகியவற்றில் மேற்கத்திய தட்டுகள் இருந்தன. வீடு மாறும்போதும் பெரியவர்கள் மறையும்போதும் அவை பழைய சாமான் கடைகளுக்கு வந்துசேர்கின்றன. உக்கடத்துப் பழைய பொருள் வியாபாரிகளிடம் ‘இங்கிலீஷ் பாட்டு, சின்ன தட்டு, வந்தால் எடுத்து வைங்க’ என்று சொல்லிவைத்தால் போதும்; எந்தப் பாட்டு என்று விவரித்தால் விலை ஏறிவிடும். கிடைப்பவற்றில் பெரும்பகுதி கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான இந்தியப் பதிப்புகளாக இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் பண்டமாற்றாகக் கொடுக்க அவை உதவும். துக்க வீட்டில் மட்டும் தட்டு கேட்டு நிற்கக் கூடாது. கருமாதி முடிந்து அவர்களே வீட்டை ஒழிக்கத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது தட்டின் விலையோடு அஞ்சல் கட்டணம், சுங்கத் தீர்வை, வரி மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறு தட்டுகளைச் சேர்த்து வாங்கினால் அஞ்சல் செலவு பகிர்ந்துபோகும். பொதி கட்டும்போது தட்டை நிறுவன உறையிலிருந்து வெளியே எடுத்து வேறு உறையில் இட்டு, இருபுறமும் நெளி அட்டை வைத்து, ஓர் அட்டையின் நெளிவு மற்றதற்குக் குறுக்காக அமையும்படி கட்டச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விவரம் அற்பமாகத் தோன்றலாம். மடங்கிவந்த பொதியைப் பிரித்தவர் அப்படி நினைக்கமாட்டார்.

ஒலிக்கும் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டெட்ராய்ட்டில் வேலை பார்த்த என் சித்தப்பா ஊர் திரும்பும்போது அழகான பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். 110 வோல்ட் பிரச்சினையைப் பீளமேட்டு வைண்டிங் கடை ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் செய்து தீர்த்துவிட்டது. ஆனாலும் எல்லாப் பாடகர்களும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் அலைவையே வேகத்துக்கு நம்பும் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகி, 45 சுற்று 37.5 ஆகிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவை மாற்றாது. ஆகவே 50 ஹெர்ட்ஸுக்கான கருவியோ, டி.சி. எனப்படும் நேர்மின் மோட்டார் கொண்ட கருவியோ வாங்குவதே சரி. அமெரிக்கத் தட்டுகளின் நடுத்துளை ஒன்றரை அங்குலம் என்பதால் அடாப்டர் ஒன்றும் வேண்டும். 78 சுற்றுத் தட்டுக்கான பழைய தடித்த ஊசியை இவற்றின் மேல் வைக்கவே கூடாது. அதன் முனை ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் ஆகாது. உப்பு பள்ளங்களில் படிந்துவிடும். சிறுவாணித் தண்ணீரின் புகழில் எனக்கு ஐயமில்லை என்றாலும், பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே பாதுகாப்பானது. அதில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். லேபிள் நனையக் கூடாது. இங்கே இலவசமாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டைப் பயன்படுத்தினால் அதன் பிசிறு ஊசியில் சுற்றிக்கொள்ளும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஈரோட்டு, கரூர்க் கோடையில் மேற்கு வெயில் படும் சுவரருகே வைத்தாலோ நிறுத்திய காருக்குள் விட்டாலோ ஒரே பிற்பகலில் அவை வளைந்துவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஈரத்தையும் தூசியையும் ஒன்றாகக் கொண்டுவருவதால், அந்த மாதம் முழுவதும் அலமாரியை மூடிவைத்து, காகித உறைகளில் பூஞ்சை படர்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தட்டுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பாடகர், லேபிள், வரிசை எண், வெற்று வளையத்து எழுத்துகள், வாங்கிய நாள், கொடுத்த மொத்தத் தொகை ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். தொகையை மட்டும் வேறு குறிப்பேட்டில் எழுதுவோரும் எங்கள் ஊரில் உண்டு. வீட்டில் கேள்வி வரும் என்பதால்.