பழைய ரயில்வே இதழ் ஒன்றை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

நியூசிலாந்து அரசு ரயில்வே 1926 மே முதல் 1940 ஜூன் வரை ‘நியூசிலாந்து ரயில்வேஸ் மேகசின்’ (New Zealand Railways Magazine) என்று ஒரு மாத இதழ் நடத்தியது. வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தின் மின்னூல் தொகுப்பில் அது இலவசமாகக் கிடைக்கிறது, வெறும் படமாக இல்லாமல் தேடிப் படிக்கக்கூடிய எழுத்தாகவே. ரயில் பைத்தியங்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், கதை, கவிதை, வரலாறு, விளையாட்டு, பெண்கள் பகுதி, லண்டன் கடிதம் என்று கிட்டத்தட்ட ஒரு வார இதழுக்கு உண்டான எல்லாமே அதில் உண்டு.

முதல் இதழிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், சரக்குப் போக்குவரத்தும் ஊழியர் சமாச்சாரமும் மாறி மாறி வர, மூன்றாவது இதழிலேயே கண்ணைக் கட்டியது. ஆரம்ப வருடங்களில் அது பாதிக்கு மேல் துறைக்குள் சுற்றும் இதழ்தான். 1933-க்குப் பிறகு வந்த ஏதாவது ஒன்றைத் திறங்கள். முன்பக்கங்களில் பொது மேலாளரின் செய்தி இருக்கும், அதைத் தாண்டிவிடலாம்.

அப்புறம், இதழைப் பிடிக்காமல் ஆளைப் பிடியுங்கள். எழுத்தாளர் பெயரைச் சொடுக்கினால் அவர் எழுதியவை ஒரே இடத்தில் வரும். முதலில் ஜேம்ஸ் கோவன். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கும் ஆங்கிலேயப் படைக்கும் சண்டை நடந்த ஒராக்காவ் களத்திலேயே இவர் குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது, மாவோரி மொழியைச் சின்ன வயதிலேயே பேசக் கற்றவர், அந்தப் போர்களில் இரண்டு பக்கமும் நின்ற கிழவர்களிடம் நேரில் கேட்டு எழுதியவர். நியூசிலாந்துப் பிரமுகர்களைப் பற்றி அவர் எழுதிய தொடரிலிருந்து ஆரம்பிக்கலாம். கொஞ்சம் பழைய காலத்து மிகையுணர்ச்சி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கவிஞரும் நாவலாசிரியருமான ராபின் ஹைட். 1935-இல் ரயிலில் ஊர் சுற்றிய அனுபவத்தைத் தொடராக எழுதினார். என்னைக் கேட்டால் இந்த இதழில் படிக்க வேண்டியவற்றில் முதலிடம் இவருக்குத்தான். ஊரைப் பார்க்க வாருங்கள், ரயிலில் வாருங்கள் என்று சொல்லத்தான் ரயில்வே இதழ் நடத்தியது. அந்த வேலையையும் செய்துகொண்டே தன் குரலை விட்டுக்கொடுக்காமல் எழுதுவது லேசான காரியம் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, புனைபெயர்கள். ராபின் ஹைட் என்பதே புனைபெயர்தான், இயற்பெயர் ஐரிஸ் வில்கின்சன். ‘தாங்கிவாய்’ என்ற பெயரில் வருபவர் நம்ம கோவனேதான். புத்தகப் பக்கத்தில் ‘ஷிப்லி’ என்று கையெழுத்திடுபவர் பாட் லாலர் என்ற பத்திரிகையாளர். அதனால் பெயரை மட்டும் வைத்து இவர் இரண்டே கட்டுரைதான் எழுதினார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தேடும்போது இன்னொன்றும் கவனியுங்கள். இன்று மாவோரிச் சொற்களில் நெடில் உயிருக்கு மேல் ஒரு கோடு போடுகிறார்கள், அன்று அச்சில் அது கிடையாது, கோடில்லாமலே தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயர்களும் பழையவை, தரனாக்கி மலை அங்கே எக்மான்ட்டாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு ரயில் வரைபடம் இருந்தால் நல்லது. வெலிங்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் போகும் பிரதான பாதை 1908-இல்தான் முழுமையானது, ராவுரிமுவில் அது மலையேற முடியாமல் ஒரு முழு வட்டமடித்துத் தன்மேலேயே ஏறிப் போகும், அந்த வளைவை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் பயணக் கட்டுரைகள் பாதி புரிந்த மாதிரி.

சரி, படித்தது பிடித்துப்போய்த் தமிழில் மொழிபெயர்த்துச் சிற்றிதழுக்கு அனுப்ப நினைத்தால், எழுதியவர் எப்போது இறந்தார் என்று முதலில் பாருங்கள். இந்தியச் சட்டப்படி காப்புரிமை அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும், நியூசிலாந்தில் 50. ஹைட் 1939-இலும் கோவன் 1943-இலும் இறந்துவிட்டார்கள், அங்கே பிரச்சினை இல்லை, இதழின் பெயரும் மாதமும் குறிப்பிட்டுவிட்டால் போதும். லாலர் 1979-இல்தான் காலமானார். ஷிப்லியின் புத்தகப் பக்கத்தை இப்போதைக்கு ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.