போட்டுவிட்டுத் திருப்பித் தரும் உடைகள்: சின்னக் கடைக்கு ஒரு சீல் டேக் செய்முறை

ஆவணி முகூர்த்தம் ஒன்று முடிந்த மறுநாள். திருநெல்வேலியில் என் அக்கா வைத்திருக்கும் ரெடிமேட் கடைக்கு ஒருவர் அனார்கலி ஒன்றைத் திருப்பித் தர வந்தார். "சைஸ் சரியில்ல, போடவே இல்ல" என்றார். உடை வந்ததோ மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பையில். முந்தின நாள் தேதியும் அதிலேயே இருந்தது. விலை அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததால் அக்கா ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டாள். அக்குள் பக்கம் இருந்த வியர்வைக் கோடு சலவைக்குக் கொடுத்தும் போகவில்லை. கடைசியில் பாதி விலைக்குத் தள்ளினோம்.

வெளிநாட்டில் இந்தப் பழக்கத்துக்கு வார்ட்ரோபிங் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ப்ளூமிங்டேல்ஸ் கடைகள் 2013-இல் இதற்கு ஒரு வழி கண்டன. 150 டாலருக்கு மேல் விலையுள்ள உடைகளில், பில் போடும்போதே ஏறக்குறைய 3 அங்குல நீளமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் டேக் ஒன்றை, முன்பக்கக் கீழ் ஓரம் போன்ற பளிச்சென்று தெரியும் இடத்தில் மாட்டினார்கள். வீட்டில் போட்டுப் பார்க்க அது தடையில்லை. அதை மாட்டிக்கொண்டு விருந்துக்குத்தான் போக முடியாது. கழற்றிவிட்டால் உடையைத் திருப்பித் தரவும் முடியாது.

நுணுக்கம் அவ்வளவுதான். விலை அட்டையை உள்ளே செருகி மறைக்கலாம், இதை மறைக்க முடியாது. இதையே நம் ஊர்ச் சின்னக் கடையிலோ, வாட்ஸ்அப்பில் துணி விற்பவரோ எப்படிச் செய்வது என்று நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த உடைக்கு என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் மாட்டாதீர்கள். நைட்டிக்கும் தினசரி லெக்கின்ஸுக்கும் சீல் வைத்தால் வாடிக்கையாளருக்கு எரிச்சல், உங்களுக்கு வீண் செலவு. ஒரு நாள் விசேஷத்துக்குப் போடக்கூடியவை மட்டும் போதும்: அனார்கலி, லெஹங்கா, கவுன், பார்ட்டி குர்த்தி, ஷெர்வானி, பிளேசர். இப்போது ரீல்ஸ் எடுப்பதற்கென்றே வாங்குவதும் நடக்கிறது, அதனால் ஃபோட்டோவில் எடுபடும் உடை எதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

சில உடைகளுக்கு இயற்கையிலேயே சீல் உண்டு. சுடிதார் டாப்பில் கை தனியாக உள்ளே பின் செய்து வருகிறதல்லவா? கையைத் தைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொன்னால் போதும், அதற்கு டேக் வேண்டாம். ஆல்டரேஷன் செய்து கொடுத்த உடையும் அப்படித்தான்.

படி 2: டேக்கைச் சோதித்து வாங்குங்கள்

விலை அட்டையைத் துணியில் மாட்டும் கருவியான டேக் கன் வைத்து அடிக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பின்னை நம்பாதீர்கள். அதன் முனையில் இருக்கும் சின்னக் குறுக்குக் கம்பியை மடக்கி, துணியில் உள்ள ஓட்டை வழியே உருவிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பச் செருகலாம். டேக் கன்னே சல்லிசாகக் கிடைப்பதால் புதிதாக அடித்துக் கொண்டுவருவதும் கஷ்டமில்லை.

உங்களுக்கு வேண்டியது ஒருமுறை மட்டும் பூட்டும் சீல் டேக். மெல்லிய பிளாஸ்டிக் வால், அதன் முனையைச் செருக ஒரு பூட்டு, அதோடு சேர்ந்த தகடு. முனை உள்ளே போனால் திரும்ப வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். இழுக்க இழுக்க இறுகும் வகை மூட்டைகளுக்குச் சரி, துணியைச் சுருக்கிவிடும். நீளம் மாறாமல் வளையமாக நிற்கும் வகையைக் கேளுங்கள். தகடு விசிட்டிங் கார்டில் பாதியாவது இருக்கட்டும், நிறம் கண்ணைக் குத்தட்டும். நாங்கள் சிவப்பு வைத்திருக்கிறோம். கனமாக இருந்தால் கழுத்தை இழுத்து, உடை சரியாக உட்காரவில்லை என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

மொத்தமாக வாங்கும் முன் பத்துப் பதினைந்து சாம்பிள் வாங்கி, திருடனைப் போல யோசித்துப் பாருங்கள். பூட்டியபின் பலமாக இழுங்கள். பூட்டின் வாயில் ஊக்கை நுழைத்து நெம்புங்கள். ஹேர் டிரையர் சூட்டைக் காட்டிவிட்டு உருவிப் பாருங்கள், மலிவுப் பிளாஸ்டிக் இளகிவிடும். கடைசியாக, வாலை வெட்டி உடனடிப் பசையால் ஒட்டிப் பாருங்கள். ஒட்டிய இடம் தடித்துத் தெரிய வேண்டும். நாங்கள் முதலில் வாங்கிய வகை ஊக்கிலேயே திறந்துகொண்டது. என் அக்கா மகள் அரை நிமிடத்தில் திறந்து காட்டினாள், அவளுக்கு வயது 11.

பிரித்தால் எழுத்து தெரியும் சீல் ஸ்டிக்கர்களையும் சிலர் கேட்பார்கள். துணிக்கு வேண்டாம், பசை கறை பிடிக்கும். செருப்பு, ஷூவின் அடிப்பாகத்துக்கு அது சரிப்படும்.

படி 3: எண் இல்லாத டேக் பாதி டேக்

ஒரே மாதிரி இரண்டு குர்த்தி வாங்கி, ஒன்றைப் போட்டுக் கிழித்துவிட்டு, இதுதான் கிழிந்து வந்தது என்பவர்களும் உண்டு. ஒவ்வொரு தகட்டிலும் வேறுவேறு எண் இருந்தால் இந்த வேலை நடக்காது. எண் அச்சிட்ட டேக்கே கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் அழியாத மார்க்கரில் நீங்களே எழுதலாம், ஆனால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்த பிறகு.

அந்த எண்ணைப் பில்லில் எழுதுங்கள். கடையில் ஒரு நோட்டில் எண், உடை, சைஸ், பில் எண், தேதி என்று ஐந்து கட்டம் போட்டால் போதும், மென்பொருள் ஒன்றும் வேண்டாம். எங்கள் நோட்டு இன்னமும் 80 பக்க ரூல்டு நோட்டுதான்.

படி 4: எங்கே மாட்டுவது

ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான், நாங்களும் சறுக்கினோம். கழுத்துக்குப் பின்னால் பிராண்ட் லேபிளோடு சேர்த்து மாட்டினோம். கூந்தலும் துப்பட்டாவும் அதை அழகாக மறைத்தன. விதி ஒன்றுதான்: போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் டேக் தெரிய வேண்டும், எந்தப் பக்கம் செருகினாலும் ஒளியக் கூடாது.

அனார்கலி, கவுன்: முன்பக்கக் கழுத்து ஓரத்திலோ, முன் கீழ் ஓரத்தின் நடுவிலோ. கழுத்தில் பட்டனோ நாடாவோ இருந்தால் அதன் வளையம் வழியே.

சட்டை, ஷெர்வானி, பிளேசர்: மேலிருந்து இரண்டாவது பட்டன் துளை. பட்டன் போட இடம் விட்டு வளையம் தொங்கட்டும்.

லெஹங்கா: இடுப்பில் மாட்டினால் பயனில்லை, மேலே துப்பட்டா வந்துவிடும். பாவாடைக்கு முன் கீழ் ஓரம், பிளவுஸுக்கு முன் கழுத்து என இரண்டு டேக். இல்லாவிட்டால் பிளவுஸை மட்டும் வைத்துக்கொண்டு பாவாடை திரும்பி வரும்.

ஜீன்ஸ்: பெல்ட் வளையம் சட்டைக்குள் மறையும். முன்பக்கப் பாக்கெட் ஓரத் தையல் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் ஜீன்ஸுக்கு நாங்கள் மாட்டுவதையே விட்டுவிட்டோம்.

சேலைதான் தலைவலி. கொசுவத்தில் எதையும் ஒளிக்கலாம். ஒளிக்க வசதி குறைந்த இடம் முந்தானை ஓரம் மட்டுமே. அங்கே குஞ்சம் கட்டியிருந்தால், குஞ்சத்தின் முடிச்சுக்கு மேல் நூல்களுக்கிடையே வாலைக் கோத்துப் பூட்டுங்கள், துணியில் ஓட்டையே விழாது. குஞ்சம் இல்லாத காட்டன் சேலைக்கு முந்தானை மடிப்புத் தையல் வழியே. பட்டுச் சேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் குத்தாதீர்கள். ஜரிகை இழை ஒன்று இழுபட்டால் நீங்கள் மிச்சப்படுத்த நினைத்ததைவிடப் பெரிய நஷ்டம். பட்டுச் சேலையை மடித்து ரிப்பன் கட்டி, ரிப்பன் முடிச்சில் சீல் போடுங்கள். கலரையும் முந்தானையையும் கடையிலேயே விரித்துக் காட்டிவிடுங்கள். பிளவுஸ் பிட் வெட்டாமல் இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம், வேறு பிளவுஸ் போட்டும் சேலை கட்டலாம்.

படி 5: மாட்டும் கைப்பக்குவம்

முதலில், உடையிலேயே இருக்கும் ஓட்டையைத் தேடுங்கள். பட்டன் துளை, ஹூக் மாட்டும் நூல் வளையம், லேஸின் கண் எதுவானாலும் சரி. அப்படி எதுவும் இல்லையென்றால் தையல் கோட்டில், இரண்டு துணி சேரும் இடத்தில் ஊசியால் வழி செய்து வாலைக் கோத்துவிடுங்கள். ஊசியிலும் சாதாரணம், மெல்லியது என இரண்டு வகை உண்டு. சில்க், ஜார்ஜெட், ஷிஃபான் பக்கம் போகும்போது மெல்லியதுதான்.

பனியன் துணியில் கூடுதல் கவனம் வேண்டும். அது கண்ணிகளால் பின்னியது. ஊசி ஒரு கண்ணியை அறுத்தால் ஓட்டை அங்கேயே நிற்காது, ஒவ்வொரு தோய்ப்புக்கும் ஏணிபோல ஏறும். டீ-ஷர்ட்டுக்குத் தையல் கோட்டைத் தவிர வேறெங்கும் குத்த வேண்டாம். ஸ்டேப்ளரை எடுக்கவே எடுக்காதீர்கள், மழைக்காலத்தில் துருக்கறை விட்டுவிடும்.

மாட்டும் நேரம் பில் கவுண்டர்தான், அடுக்கில் வைக்கும்போதே அல்ல. டிரையல் ரூமில் சிவப்புத் தகடு ஆடிக்கொண்டிருந்தால் உடை பிடித்திருக்கிறதா என்பதே தெரியாது. ஆன்லைனில் அனுப்புவதாக இருந்தால் பேக் செய்யும்போது மாட்டி, எண் தெரிய ஒரு ஃபோட்டோ எடுத்து வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். குழந்தை உடையில், போடும் முன் டேக்கைக் கட்டாயம் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். வாயில் போட்டுக்கொள்ளும் வயது.

படி 6: முன்கூட்டியே சொல்லுங்கள்

சொல்லாமல் மாட்டிய டேக் சண்டைக்குத்தான் வழி. தகட்டிலேயே இரண்டு வரி இருக்கட்டும். எங்களுடையது இப்படி: "வீட்டில் போட்டுப் பாருங்கள். டேக் வெட்டாமல் இருந்தால் 7 நாளுக்குள் மாற்றித் தருவோம்." பில்லிலும் அதே வரி. கவுண்டரில் இருக்கும் பெண் வாயாலும் சொல்வாள்: "அக்கா, சைஸ் சரியில்லன்னா கொண்டு வாங்க. இந்தச் சிவப்பு டேக்க மட்டும் வெட்டிராதீங்க." 'வெட்டினால் ரிட்டர்ன் கிடையாது' என்று மிரட்டலாக ஆரம்பித்தபோது இரண்டு பேர் வாங்காமலே போனார்கள். மாற்றித் தருவோம் என்பதை முதலில் சொன்ன பிறகு யாரும் முகம் சுளிக்கவில்லை.

படி 7: திரும்பி வரும்போது

முதலில் எண்ணை நோட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு வாலைத் தடவிப் பாருங்கள், பசை ஒட்டிய தடிப்பு விரலுக்குத் தெரியும். பூட்டின் வாயில் கீறல் இருக்கிறதா பாருங்கள். அதன்பின் அக்குள், கழுத்து மடிப்பு, கீழ் ஓரத்தின் மண். முகர்ந்து பார்க்க வேண்டுமென்றால் உள்ளே எடுத்துப் போய்ப் பாருங்கள், ஆள் முன்னால் வேண்டாம்.

டேக் வெட்டியிருந்தால் குற்றம் சாட்டாதீர்கள். "டேக் வெட்டியிருக்கு, அதனால மாத்த முடியல" என்பதோடு நிறுத்துங்கள். ஏன் வெட்டினார், எங்கே போட்டுப் போனார் என்ற விசாரணை நமக்கு எதற்கு? வருஷக்கணக்காக வரும் வாடிக்கையாளருக்கு ஒருமுறை விட்டுக்கொடுப்பதும் உண்டு. அதை அக்கா நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வாள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். உடையில் குறை இருந்தால், அதாவது தையல் விட்டிருந்தாலோ, சாயம் போனாலோ, சைஸ் லேபிள் ஒன்றும் அளவு வேறொன்றுமாக இருந்தாலோ, டேக் வெட்டியிருக்கிறதே என்று தட்டிக் கழிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். ஆன்லைன் விற்பனைக்கு 2020-இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுத்தாக வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பித்தோம் என்று இன்னும் நினைக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க. சீல் டேக் 'மனசு மாறிடுச்சு, சைஸ் சேரல' வகைக்கு மட்டும்தான்.

படி 8: மாற்றிக் கொடுத்த உடையை மறுபடி அடுக்கும் முன்

பழைய டேக்கை வெட்டி எடுத்து, நோட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, தகட்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். அடுத்த முறை விற்கும்போது புது எண். நாங்கள் பழைய தகடுகளை மேசை டிராயரில் போட்டு வைத்தோம். பையன் ஒருவன் அதிலிருந்து ஒன்றை எடுத்து வேறு உடைக்கு நூலில் கட்டிக் கொடுத்துவிட்டான். அது திரும்பி வந்த அன்று நோட்டைப் புரட்டினால், எண்ணுக்கு நேரே வேறொருவரின் பச்சைக் கவுன் இருந்தது. வந்தவரோ மஞ்சள் குர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். தப்பு எங்களுடையது என்பதால் பேசாமல் மாற்றிக் கொடுத்தோம்.