பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் எறும்பா? பொடி வேண்டாம், வெந்நீர் போதும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், மண் நனைந்ததும் எறும்புகள் மேடான இடம் தேடிக் கிளம்பிவிடும். ஊஞ்சல் காலடியிலோ மணல் குவியலின் ஓரத்திலோ பொடிமண் குமிழாக எழும்பியிருந்தால், அதுதான் புற்றின் வாய்.

எறும்புப் பொடியையும் விஷ சாக்பீஸையும் அங்கே தயவுசெய்து போடாதீர்கள். சிரட்டையில் மண்சோறு ஆக்கும் பிள்ளை அதே கையைத்தான் வாயில் வைக்கும். மண்ணெண்ணெயும் கூடவே கூடாது.

கொதிக்கும் வெந்நீரே நல்லது. மழை விட்டு இளவெயில் அடிக்கும் காலையில் எறும்புகள் முட்டைகளோடு புற்றின் மேலடுக்குக்கு வந்திருக்கும். பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்திவிட்டு, 3 லிட்டர் அளவுக்குப் புற்றின் வாயிலேயே நிதானமாக ஊற்றுங்கள். ராணி ஆழத்தில் தப்பிவிட்டால் புற்று மறுபடி எழும்பும். சில நாள் கழித்து இன்னொரு முறை ஊற்ற வேண்டியிருக்கும். வாழை மூட்டிலும் செடிகளின் வேரிலும் படக் கூடாது, வெந்துவிடும். மண் நன்றாக ஆறிய பிறகே பிள்ளைகளை விடுங்கள். ஊஞ்சல் கம்பியில் ஊரும் வரிசைக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு போதும். நேந்திரம்பழத் தோல், பலாச்சுளைத் துணுக்குகளை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

மாவிலும் பலாவிலும் இலை தைத்துக் கூடு கட்டும் முசுறுகளைக் கொல்ல வேண்டாம். மரத்தின் பூச்சிகளைத் தின்பவை அவை. ஊஞ்சலை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

கடித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.