எடிட் டேபிளில் தெரியவரும் தவறுகள்: முதல் குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கு

சமையலறையில் அம்மா காபி கலக்கிறாள், வாசற்படியருகே மகன் உட்கார்ந்திருக்கிறான், இருவரும் பேசுகிறார்கள். மாணவர் குறும்படங்களில் இப்படி ஒரு சீன் இல்லாமல் இருக்காது. எடுக்கும்போது எல்லாம் நன்றாகவே போகும். எடிட்டில் உட்கார்ந்த பிறகுதான் சங்கதி தெரியும். டம்ளரை வைக்கும் நேரம் டேக்குக்கு டேக் மாறியிருக்கும். மகன் யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்று புரியாது. வசனத்துக்கு அடியில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். அதற்குள் நடிகர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், வீட்டுக்காரரும் இனி கதவைத் திறக்கமாட்டார்.

அதனால் முதல் செமஸ்டரிலேயே சீனியர் ஒருவரின் ரஷ்ஷை (வெட்டாமல், எடுத்தபடியே இருக்கும் ஷாட்களை) வாங்கி, ஒரு சீனையாவது நீங்களே எடிட் செய்து பாருங்கள். எந்த ஷாட் இல்லாமல் தவிக்கிறோம் என்பதை அந்த ஒரு வாரம் கற்றுக்கொடுப்பதுபோல் வேறெதுவும் கற்றுக்கொடுக்காது. டைரக்‌ஷன் மாணவர்கள்தான் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை.

பேப்பரில் தொடங்கும் தவறுகள்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது ஆங்கிலத் திரைக்கதை வடிவத்தில், 12 பாயின்ட் கூரியர் எழுத்தில், குறிப்பிட்ட ஓரம் விட்டு அடித்த பக்கத்துக்கு உரிய கணக்கு. இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாகப் பிரித்து எழுதும் தமிழ் ஸ்கிரிப்ட்டுக்கு அது பொருந்தாது. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள், செயல்களை எழுந்து செய்து பாருங்கள். "பாலைக் காய்ச்சி, டிகாக்‌ஷன் ஊற்றி, ஆற்றிக் கொடுக்கிறாள்" என்பது தாளில் ஒரே வரி. முழுதாக எடுத்தால் நிமிடங்களைத் தின்றுவிடும். எங்கிருந்து எதுவரை காட்டப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டும்.

"பத்து வருடமாக அப்பா மேல் அவனுக்குக் கோபம்" என்று எழுதியிருந்தால் அதைக் கேமரா எடுக்க முடியாது. அப்பா பெயரில் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் டிவி மேல் வைக்கிறான் என்றால் எடுக்கலாம்.

அடுத்தது நாள் கணக்கு. 12 மணி நேரம் என்பது 720 நிமிடம். சாப்பாட்டுக்கும் டீக்கும் 60, முதல் ஷாட் தயாராக 90 என்று கழித்தால் மீதி 570. கேமரா இடம் மாறி, லைட் மாற்றி, ரிகர்சல் பார்த்து, மூன்று நான்கு டேக் எடுக்க ஒரு ஷாட்டுக்கு 30 நிமிடம் என்று வைத்தால் 19 ஷாட்தான் வரும். ஷாட் டிவிஷனில் (சீனை ஷாட்களாகப் பிரித்து எழுதும் பட்டியலில்) 40 எழுதியிருந்தால் பாதியை மாலை ஆறு மணிக்குப் பதற்றத்தில் வெட்டுவீர்கள். முந்தின வாரமே உட்கார்ந்து வெட்டினால் எதை வெட்டுவது என்று யோசிக்க நேரம் இருக்கும். வெட்ட முடியாத ஷாட்களை அந்த நாளின் முன்பாதியில் போட்டுவிடுங்கள்.

டம்ளரும் லுக்கும்

"அப்பா நேத்து போன் பண்ணாரு" என்பது அம்மாவின் வசனம். மாஸ்டரில் (முழு சீனையும் அகலமாகக் காட்டும் ஷாட்டில்) "நேத்து" என்னும்போது டம்ளரைச் சமையல் மேடையில் வைக்கிறாள். க்ளோஸில் (கிட்டத்தில் எடுக்கும் ஷாட்டில்) வசனம் முடிந்த பிறகு வைக்கிறாள். இனி இந்த இரண்டையும் அந்த இடத்தில் வெட்டிச் சேர்க்க முடியாது. ரிகர்சலிலேயே டம்ளர் எந்த வார்த்தையில் இறங்குகிறது என்று நடிகையோடு பேசி முடிவுசெய்யுங்கள். அசிஸ்டென்ட் அந்த வார்த்தையை ஸ்கிரிப்ட்டில் அடிக்கோடிட்டு, பக்கத்தில் வலது கையா இடது கையா, காபி எவ்வளவு மட்டம், முந்தானை எந்தத் தோளில் என்று எழுத வேண்டும். "கட்" சொன்னவுடன் யாரும் நகர்வதற்கு முன் மொபைலில் ஒரு ஸ்டில். நினைவை நம்பாதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் வேறு வேறு நினைவு வரும்.

எவர்சில்வர் டம்ளர் கிரானைட் மேடையில் இறங்கும்போது வரும் "டங்" வசனத்தின் மேல் விழுந்தால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஃப்ரேமில் மேடை தெரியாத ஷாட்களில் மடித்த துணி ஒன்றைப் போட்டு அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். சத்தத்தைத் தனியாக நான்கைந்து தடவை பதிவு செய்துகொண்டால் எடிட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

லுக் (நடிகர் பார்க்கும் திசை) விஷயத்தில் எல்லோருக்கும் விதி தெரியும், ஸ்பாட்டில்தான் தவறுகிறது. இருவருக்கும் இடையே ஒரு கோடு போட்டுக்கொண்டு, கேமராவை அதன் ஒரு பக்கத்திலேயே வைத்திருந்தால் அம்மா வலப்பக்கம் பார்ப்பாள், மகன் இடப்பக்கம் பார்ப்பான். மகனின் க்ளோஸ் எடுக்கும்போது "அந்தப் பக்கம் ஜன்னல் அழகா இருக்கு" என்று தாண்டிவிட்டால் இருவரும் வலப்பக்கம் பார்ப்பார்கள். வெட்டிச் சேர்த்ததும் இருவரும் யாரோ மூன்றாம் ஆளிடம் பேசுவதுபோல் இருக்கும். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால், அம்மா ஷாட்டுக்குள்ளேயே நடந்து மகனின் மறுபக்கம் போகட்டும். அல்லது கேமராவே ஷாட்டுக்குள் நகரட்டும்.

உயரத்தைப் பலர் மறக்கிறார்கள். அவள் நிற்கிறாள், அவன் உட்கார்ந்திருக்கிறான். மகனின் க்ளோஸ் எடுக்கும் நேரத்தில் அம்மாவாக நடித்தவர் கிளம்பியிருந்தால், லைட் ஸ்டாண்டில் அவர் கண் இருந்த உயரத்தில் ஒரு டேப் ஒட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் குந்தியிருக்கும் அசிஸ்டென்ட்டைப் பார்த்துப் பேசவைத்தால் அவன் அம்மாவின் இடுப்பைப் பார்த்துப் பேசுவதாக வரும். சஜஷன் ஷாட் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டுவது) எடுப்பதானால் எதிரில் இருப்பவர் தோள் வேண்டும், ஆளை அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, "கட்" சொல்லும் அவசரம். கடைசி வசனம் முடிந்து மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். நடிகர் முகம் தானாக அடங்கும் அந்த ஐந்து விநாடி பல சமயம் வசனத்தைவிட உபயோகமாக இருக்கும். அதேபோல் க்ளோஸை டம்ளர் இறங்கும் நொடியிலிருந்து தொடங்காமல், கையில் எடுப்பதிலிருந்து தொடங்கினால் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம்.

சவுண்டுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை

"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்ற வார்த்தை மாணவர் படங்களைக் கொன்றிருக்கிறது. டப்பிங்கில் தேர்ந்த நடிகர்களுக்கே உதட்டோடு உணர்ச்சியையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம். உங்கள் படத்தில் நடிப்பவர் பக்கத்து வீட்டு அத்தை. மைக் முன் நிற்கவைத்தால் அன்று சமையலறையில் பேசிய குரல் திரும்ப வராது. டப்பிங்தான் என்று முடிவே செய்தாலும் பைலட் டிராக் (டப்பிங்குக்கு வழிகாட்டியாக ஸ்பாட்டில் பதியும் குரல்) தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பாட்டில் மாற்றிப் பேசிய வசனம் என்னவென்று உங்களுக்கே தெரியாது.

கேமரா மேல் மாட்டிய மைக்கை வசனத்துக்கு நம்பாதீர்கள். பூம் மைக் (நீளக் கம்பின் நுனியில் மாட்டிய மைக்) ஃப்ரேமுக்கு வெளியே, மேலிருந்து, வாயை நோக்கி ஒன்றரை இரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சத்தமாகப் பேசும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், பூஜ்யத்தைத் தாண்டினால் உடைந்த குரலை மீட்க முடியாது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் அந்தப் பயம் குறையும். ஆனால் மைக் தள்ளியிருந்தால் டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் அடித்துவரும் எதிரொலியை அது நீக்காது. அதற்கு ஜமக்காளம்தான் மருந்து. ஃப்ரேமில் தெரியாத தரையில் ஒன்று விரித்து, ஸ்டாண்டுகளில் கெட்டிப் போர்வை இரண்டு தொங்கவிட்டால் வித்தியாசம் ஹெட்ஃபோனில் உடனே கேட்கும். லேப்பல் மைக் (உடையில் மாட்டும் சின்ன மைக்) என்றால் பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட காட்டனும் சரசரக்கும். காஸ்ட்யூம் தேர்வு செய்யும்போதே இதை யோசியுங்கள்.

மின்விசிறி, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தியதும் உங்கள் பைக் சாவியை அதற்குள் வையுங்கள், திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போகமாட்டீர்கள். ஒவ்வொரு லொகேஷனிலும் ஷூட்டிங் முடித்துக் கிளம்பும் முன் யூனிட் முழுதும் அசையாமல் நின்று 60 விநாடி ஆம்பியன்ஸ் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தம்) எடுத்துக்கொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையில் அதை நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் அறுந்து அறுந்து விழும்.

படத்தையும் சத்தத்தையும் எடிட்டில் பொருத்த உதவுவது கிளாப், அதைக் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் அடித்துப் பயனில்லை. விட்டுப்போனால் ஷாட் முடிவில் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள்.

லைட், ஷட்டர், என்டி

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி விழும் நேரத்தை) 1/60 விநாடி வைத்தால் திரையில் பட்டைகள் ஓடும். 24 ஃப்ரேமில் எடுத்தாலும் 25இல் எடுத்தாலும் 1/50 வையுங்கள். ஷட்டரைக் கோணத்தில் காட்டும் கேமராவாக இருந்தால் 24 ஃப்ரேமுக்கு 172.8 டிகிரி. சின்ன மானிட்டரில் பட்டை தெரியாமல் போகலாம், பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளியில் வந்ததும் வேறு தவறு. வெளிச்சம் அதிகம் என்று ஷட்டரை 1/1000க்கு ஏற்றினால் நடக்கும் ஆள் துடித்துத் துடித்து நடப்பார். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 800, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8, ஷட்டர் 1/50 என்று வைக்க விரும்பினால் கிட்டத்தட்ட 9 ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). கையில் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) மட்டும் வைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். வேரியபிள் என்டியை (திருகி அளவு மாற்றும் ஃபில்டரை) கடைசிவரை திருகினால் ஃப்ரேமின் குறுக்கே கறுப்பாக நிழல் விழும்.

வொயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ற கேமரா அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள், ஒரே ஷாட்டுக்குள் அம்மாவின் முகநிறம் மாறும். வீட்டு டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின், பூஜை அறை பல்பு 2700. இரண்டில் ஒன்றை அணைப்பது எளிது. சென்னையில் 11 மணியிலிருந்து 3 மணிவரை உச்சி வெயிலில் கண் குழியெல்லாம் கறுத்துவிடும், அந்த நேரத்தை உள் காட்சிகளுக்கு வையுங்கள். சூரியன் மறைந்தபின் கிடைக்கும் வெளிச்சம் இருபது நிமிடம்தான், அதில் இரண்டு ஷாட்டுக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

கார்டு

விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு எண்பது நிமிடம்கூட வரும், ஆனால் நிறையும்வரை காத்திருக்காதீர்கள். கட்-பேஸ்ட் கூடாது. கார்டின் முழு ஃபோல்டரையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் காப்பி செய்து, சில கிளிப்களைத் திறந்து ஓட்டிப்பார்த்த பிறகே ஃபார்மேட். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் போகக் கூடாது.

முதல் கட்

ஸ்கிரிப்ட் படிக்காத மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் "பிடிச்சிருக்கா" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "அந்தப் பையன் ஏன் வீட்டுக்கு வந்தான்?" என்று கேளுங்கள். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னால் ஏதோ ஒரு ஷாட் குறைகிறது. பெரும்பாலும் அது ஒரு க்ளோஸாக இருக்கும், அரை நாள் பேட்ச் ஒர்க்கில் (விடுபட்ட ஷாட்டைப் பின்னால் எடுப்பதில்) முடிந்துவிடும். அதனால் அம்மா கட்டியிருந்த புடவையையும் அந்த டம்ளரையும் படம் முடியும்வரை உங்கள் பெட்டியிலேயே வைத்திருங்கள்.